திருப்பிப் போட்ட கவுன்

தையல்காரன் வேலையில் பாதி, பார்க்கிறவர் கண்ணில் படாத பக்கத்தில்தான் இருக்கிறது.

பொன்னமராவதி கடைவீதியில் நாற்பத்தொரு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறேன். படிப்பு ஆறாவதோடு சரி. மகள் செல்வி டீச்சர். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை இரண்டரை வயதுப் பேத்தி இனியா என் கடையில்தான் இருப்பாள். அவளுக்குக் கரப்பான். டாக்டர்கள் எக்சிமா என்கிறார்கள். அதனால் காதுகுத்து இரண்டு தடவை தள்ளிப் போனது. சொறிகிற பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது சொறிந்தால் நமக்கு அரிக்கும்.

பதினொரு இடம்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோல் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். "எங்கெங்க வருது?" என்று கேட்டதற்கு, "எல்லா எடத்துலயும்தாங்க" என்று செல்வி கண் கலங்கினாள். வெளியாளிடம் எனக்கும் வாய் வராது. சட்டைப்பையிலிருந்த அளவு நோட்டை எடுத்து மேசையில் தள்ளினேன். இடது முழங்கை மடிப்பு இரண்டேகால் இன்ச், வலது முழங்கால் பின்பக்கம் ஒன்றரை, காதுக்குக் கீழே அரை. மொத்தம் பதினொரு இடம். டேப் தோலில் படாமல் தூக்கிப் பிடித்து எடுத்த அளவு.

அந்த அம்மா மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "இதை வச்சு நானே சட்டை தச்சுருவேன் போலருக்கே. உள்ள வந்ததுமே குடுத்திருக்கலாம்லய்யா?"

தீராத ட்யூப்

குளித்த ஈரம் காயும் முன் உடம்பெல்லாம் பூச ஒரு க்ரீம் எழுதித் தந்தார். சிவந்த இடத்துக்கு மட்டும், சொன்ன நாள்வரை, ஒரு மருந்து. பெரியவர் விரல் நுனி நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும் என்று செய்தும் காட்டினார். அளவு தெரிந்தால் துணி எவ்வளவு ஆகும் என்று சொல்கிறவனுக்கு இது பெரிய கணக்கில்லை. ஏழாம் நாள் ட்யூபை எடுத்துப் பார்த்தேன். பாதியாவது தீர்ந்திருக்க வேண்டும். கழுத்துவரை கனத்தது. பதினொரு இடமும் அப்படியே இருந்தன.

எனக்குச் சத்தம் போடத் தெரியாது. ட்யூபை செல்வி முன்னால் வைத்தேன், அவ்வளவுதான். "தோலு மெலிஞ்சு போயிரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கப்பா. பயந்துட்டேன்" என்றாள். பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் தொட்டுப் பூசியிருக்கிறாள். மறுநாள் இருவரும் போய் டாக்டரம்மாவிடமே கேட்டோம்.

"சொன்ன அளவு, சொன்ன நாளு. அதுக்கு மேல போட்டாத்தாம்மா பயம். கொறச்சுப் போட்டா மருந்தும் வீணு, பிள்ளைக்கு அரிப்பும் மிச்சம்."

நேர்கோடு

அதற்குப் பின் பதினொன்று மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்றில் இடுப்புச் சிவப்பு மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. அளந்தேன். கால் இன்ச் அகலம், சுற்றிலும் ஒரே நேர்கோடு. கரப்பான் அவ்வளவு நேராக வராது. கவுனைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புத் தையல், துணி ஓரம் பிரியாமலிருக்க நைலான் நூலில் போட்ட ஓவர்லாக், அதே கால் இன்ச். நான் தைத்தது. கத்திரிக்காயை நிறுத்தியிருந்தோம், கருவாட்டை நிறுத்தியிருந்தோம், என் தையலைச் சந்தேகப்படவே இல்லை.

அங்கேயே கவுனைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிட்டேன். பிறகு மெல்லிய பருத்தித் துணியை இரண்டு தடவை அலசி, கஞ்சி போன பிறகு, தையலெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி நான்கு கவுன் தைத்தேன். ஒருநாள் யூனிபார்ம் தைக்கக் கொடுக்க வந்த அம்மா நின்று பார்த்தார். "என்னண்ணே, ஊருக்கெல்லாம் தச்சுட்டு ஒங்க பேத்திக்குத் திருப்பிப் போட்டு விட்டிருக்கீங்க?" கடைவீதியில் அவர் அப்படிக் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்துகொண்டேன். இனியாதான் கவுனைத் தூக்கி இடுப்பைக் காட்டி, "குத்தல" என்றாள்.

நாலாம் நாள் அந்த அம்மா மெல்லிய பருத்தித் துணியோடு திரும்பி வந்தார். "எங்க வீட்லயும் ஒண்ணு சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்குண்ணே. அதே மாதிரி தப்பாத் தச்சுக் குடுங்க."

ஓட்டுத் தையல்

காதுக்குக் கீழும் ஆறிய பிறகு, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு காதுகுத்துக்கு நாள் பார்த்தோம். நார்த்தாமலைப் பக்கம் குலதெய்வக் கோயில். பட்டுப்பாவாடை, உள்ளே முழுக்கப் பருத்தி லைனிங். "சட்டைக்குக் கை நீளமா வைங்கப்பா. சொந்தக்காரவுக பாப்பாக" என்று செல்வி சொல்லியிருந்தாள். வைத்தேன். ஆனால் கைகளை மெஷினில் பிடிக்காமல், இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி ஓட்டுத் தையல் மட்டும் போட்டிருந்தேன்.

கோயிலில் பிள்ளையை உடுத்தும்போது முழங்கை மடிப்பை செல்வி தடவித் தடவிப் பார்த்தாள். சிவப்பு இல்லை, லேசாக நிறம் மட்டும் மங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள். நூல் நுனியைக் காட்டினேன். அவளே இழுத்தாள். இரண்டு கையும் கழன்று வந்தன. காது குத்தும்போது இனியா ஊரைக் கூட்டி அழுதாள், எல்லாப் பிள்ளைகளையும் போல. அந்த அழுகையைக் கேட்டு செல்வி சிரித்தாள்.

மருமகனின் அக்கா பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "என்ன செல்வி, பிள்ள கை இம்புட்டு வழுவழுன்னு இருக்கு? எங்க பிள்ளைக்கும் போடுறேன், என்ன சோப்புன்னு சொல்லு."

பனிக்காலத்தில் திரும்பி வந்தாலும் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால் நோட்டில் இரண்டு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன், அவை காலியாகவே கிடந்தால் சோப்பு கேட்டவரின் பிள்ளைக்குக் கவுன் அளவு எழுதிக்கொள்ளலாம்.