டிஸ்க்கை அடைத்த படங்கள்

நான் சினிமா ஏற்றித்தான் தன் கடைக் கம்ப்யூட்டர் நிரம்பியது என்று என் தங்கை புருஷன் ஊரெல்லாம் சொன்னது ஒன்பது வருஷமாக எனக்கு ஆறவில்லை. மரண அறிவிப்புப் போஸ்டர் அடிப்பது அவர் தொழில்.

நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடையைக் கவனிக்கப் போன நான், கம்ப்யூட்டர் ஃபோல்டர்களை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். முக்கால் டிஸ்க்கும் செத்தவர்கள் படம்.

கட்டிலருகே போய்ச் சீறினேன். "உன் பொணங்கதான்யா இடத்தை அடைச்சிருக்கு!"

"தெரியும் மச்சான். செத்தவங்க படம்னு தெரிஞ்சா உன் தங்கச்சி அழிக்கச் சொல்லுவான்னுதான் பழியை உன் தலையில போட்டேன். முன்னாடி ஒரு அம்மா வந்து, வீட்டுப் படம் நனைஞ்சுபோச்சு, மகன் முகத்தைக் காட்டுங்கன்னு அழுதுச்சு. நான் அதை ஏற்கெனவே அழிச்சிருந்தேன்."

மூச்சுத் திணறக் கடைசியாக அவர் கேட்டது இதுதான்: "புது டிஸ்க் வாங்கிப் போடு. ஒருத்தரையும் அழிச்சிடாத."