என் மனைவியின் எழுத்துரு

‘குழம்பு அடுப்பு மேல இருக்கு’ என்று என் மனைவி சீட்டு எழுதிவைத்தால்கூட, அது ஓடிவந்து சொல்வதுபோல இருக்கும். ஓர் எழுத்தும் கோட்டில் நிற்காது. ‘ழ’வின் வால் கீழ்வரிக்குள் எட்டிப்பார்க்கும். நெய்வேலியில் டிசைன் கடை வைத்திருந்த எனக்கு ஆசை விடவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க அவளை உட்காரவைத்து எல்லா எழுத்தையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வாங்கினேன். ‘அ’ மட்டும் மூன்று விதமாக. ஒரே ‘அ’ திரும்பத் திரும்ப வந்தால் மிஷினின் முகம் தெரிந்துவிடும்.

அதைக் கணினியில் ஏற்றி எழுத்துருவாக்கினேன். எழுத்துரு ஓடியது, நன்றாகவே ஓடியது. பிறந்தநாள் பேனர், ஜூஸ் கடைப் பலகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கேக் பெட்டி. பெரிதாகப் போட்டால் சிரிக்கும்; சிறிதாகப் போட்டால் கொசகொசவென்று ஒட்டிக்கொள்ளும். துக்கத்துக்கு மட்டும் போடமாட்டேன். பஸ்ஸில் போகையில் கையைக் கிள்ளுவாள்: “நான் எழுதினது பாருங்க!”

போன வருஷம் ஒரு நாள் காலையில், சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு, கீழே பெயர்கள்.

“அச்செழுத்துல போட்டா ஆர்டர் மாதிரி இருக்கும் சார். அந்தக் கையெழுத்துல போடுங்க. வீட்டு ஆளு சொல்ற மாதிரி இருந்தா சத்தம் போட மாட்டானுங்க.”

பதினேழாவது பெயர் என் மைத்துனனுடையது. வேலை பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்றே வயதானவன். நான் போடாவிட்டால் அடுத்த கடைக்காரன் போடுவான் என்று சொல்லிக்கொண்டு தட்டினேன். ‘ழ’வின் வால் அவன் பெயரில் இடிக்காதபடி இடைவெளிகூடச் சரிசெய்தேன்.

மறுநாள் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வண்டியில் வந்தவன் இறங்கவேயில்லை. வாசலில் வண்டியில் இருந்தபடியே அக்காவிடம் போனில் அறிவிப்பின் படத்தை நீட்டினான்.

“சுரங்க கேட்டாண்ட நின்னுகினு படிச்சேன். இது உன் எழுத்துதான?”

“நான் எழுதலடா. கம்ப்யூட்டர் எழுதுது.”

“கம்ப்யூட்டரா எங்கூடப் பொறந்துச்சு? நாலு பேரு கேக்கறான், உங்க அக்காவே சீட்டு கிழிச்சிட்டாளான்னு.”

போய்விட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அவன் பேரு அதுல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்து மத்தியானம் இங்க உக்காந்துதான சாப்ட்டான். நீங்கதான ரசம் ஊத்துனீங்க.”

எழுத்துருவை அன்றே என் கணினியிலிருந்து அழித்தேன். என்ன பயன்? பென்டிரைவ் ஏறி அது எப்போதோ பண்ருட்டிக் கடைகளுக்குப் போய்விட்டது. இப்போது அதில் கறிக்கடைக்காரர் கோழி விற்கிறார்.

இந்த ஆவணியில் மைத்துனன் மகளுக்குக் காதுகுத்து. அழைப்பிதழ் எங்களுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனில் பார்த்தோம். சித்தப்பா, பெரியப்பா, மாமன் என்று எல்லார் பெயர்களும் அவளுடைய எழுத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. அத்தை என்று தன் பெயரை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினாள்; இல்லை.

“எழுத்து பண்ருட்டிக் கடைக்காரன் போட்டிருப்பான். தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாள்.