காளி நோடி, ஓடி!

ஆனேக்கல் பக்கம் ஒரு உருளைக்கிழங்கு கோல்ட் ஸ்டோரேஜில் பிளான்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறைகளைக் குளிர வைப்பது அம்மோனியா. லீக் ஆனால் முதலில் கண்ணும் மூக்கும் எரியும். அதிகம் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் மட்டும் ஓடக் கூடாது. எமர்ஜென்சி பிளானில் பாதி இதுதான்.

இதை எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கியவர் சேஃப்டி ஆபீசர் நஞ்சுண்டப்பா. திங்கள்தோறும் மைக்கில் கன்னடத்தில் முழங்குவார்: "காளி நோடி, ஓடி!" கன்னடத்தில் 'நோடி' என்றால் பாருங்கள், காற்றுக்கு 'காளி' என்று பெயர். முதல் எழுத்தை மட்டும் கங்கையில் வருவதுபோல் சொல்ல வேண்டும். எங்கள் மைக்கோ எல்லா எழுத்தையும் ஒரே கரகரப்பில் அரைத்துவிடும். கிழங்கு தரம் பிரிக்கும் சந்தாபுராப் பெண்கள் முப்பது பேரும் தமிழ். பலமாகத் தலையாட்டுவார்கள். நஞ்சுண்டப்பாவுக்குப் பரம திருப்தி.

ஒரு நாள் மதியம் நிஜமாகவே வால்வு ஒன்று கசிந்தது. சைரன் அலறியது. மாஸ்க் போட்ட இரண்டு ஆபரேட்டர்கள் வால்வை மூட உள்ளே போனார்கள். நானும் மாஸ்க்கோடு, ஆட்களை எண்ண அசெம்ப்ளி பாயின்ட்டுக்கு ஓடினேன். அங்கே நஞ்சுண்டப்பாவும் ஒரு நாயும் மட்டும் நின்றிருந்தார்கள்.

முப்பது பெண்களும் பின் கேட் வழியாக, வரிசைகூடக் குலையாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு எதிரே காளியம்மன் கோயில். அன்று காற்று அடித்ததும் அந்தக் கோயிலை நோக்கித்தான்.

கத்திக்கொண்டே துரத்தினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தது வெறும் உறுமல். திரும்பிப் பார்த்தவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். வேறு வழி தெரியாமல் மாஸ்க்கைக் கழற்றினேன். அது பெரிய தப்பு, நீங்கள் செய்யாதீர்கள்.

"செல்வி! கோயிலுக்குப் போகாதீங்க, கேஸ் அங்கதான் வருது! லெஃப்ட்ல ராகி வயலுக்குத் திரும்புங்க!"

முன்னால் ஓடிய மேஸ்திரி செல்வி சட்டென்று திரும்பினாள். மற்றவர்களும் பின்னாலேயே திரும்பினார்கள். கொஞ்சம் இருமல், நிறையக் கண்ணீர், அதோடு போயிற்று. எனக்கு மட்டும் ஒரு வாரம் குரல் இல்லை.

நஞ்சுண்டப்பா வந்து குதித்தார். "எஷ்டு சல, எத்தன தடவ சொல்லியிருக்கேன்! காளி நோடி, ஓடின்னு!"

"அதான் சார், காளியப் பாத்துதானே ஓடினோம்!" என்றாள் செல்வி.

'பெண்கள் காளியைப் பார்த்து ஓடினார்கள்' என்று நஞ்சுண்டப்பா அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஹெட் ஆபீஸ் கேட்ட முதல் கேள்வி: "காளி பர்மனென்ட் ஸ்டாஃபா, கான்ட்ராக்டா?"

குரல் திரும்பியதும் செல்வியிடம் கேட்டேன். "ஏம்மா, புரியலன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"புரிஞ்சுதே சார். அப்புறம் எதுக்குக் கேக்கறது?"

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: "புரிஞ்சுதா?" என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.