நாற்பத்தேழாம் பக்கம்

நூலகத்தில் அவளைப் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். புதிதாக வரும் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகில் எண் ஒட்டி, உள்ளட்டையில் தேதிச் சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி அலமாரிக்கு அனுப்புவது அவள் வேலை. பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். மேசைமேல் பசைக் கிண்ணம், கத்தரிக்கோல், மடிப்பை அழுத்தித் தேய்க்க ஒரு பழைய ஸ்பூன். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்ததுபோல் நிற்கும். சாப்பிட உட்காரும் முன் அதைப் பிய்த்துப் பிய்த்து எடுப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

முத்திரை குத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் குத்துவது ஊரறிந்தது. திருடுகிறவன் அந்த இரண்டையும் கிழித்து எறிந்துவிட்டால் புத்தகம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொரு நூலகமும் நடுவே ஒரு பக்கத்தை ரகசியமாக வைத்திருக்கும். இந்த நூலகத்தில் அது நாற்பத்தேழாம் பக்கம். மை காயும்வரை புத்தகத்தை விரித்தே வைக்க வேண்டும். அதற்குள் பசையக்கா அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிடுவாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் படிப்பு அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம். கல்யாணம் நடந்துகொண்டிருக்கும், யாராவது செத்துக் கிடப்பார்கள், ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது.

"முழுசா ஒண்ணு படிங்களேன்க்கா" என்பார் நூலகர். அவளைவிட வயதில் இளைய பெண்மணி.

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், மேடம்" என்பாள் இவள்.

முழுதாகப் படிக்க நேரம் இருந்ததில்லை என்பதுதான் நிஜம். அப்பா இறந்தபோது அவள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நின்றாள். தங்கை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போன மறுநாள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள் படுத்தவள்தான். ஊட்டினால் சாப்பிடுவாள், எழுப்பினால் குளிப்பாள், பேச மாட்டாள். டாக்டர்கள் மனச்சோர்வு என்றார்கள். அக்கம்பக்கத்தில் கொழுப்பு என்றார்கள். மாத்திரைகள் மாறின, முதுகு திரும்பவில்லை. பெரியவள் நூலகத்தில் பசை ஒட்டப் போனாள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள், "கல்யாணத்துக்கப்புறம் உங்கம்மாவை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஆள் இல்லை.

சின்னவளை வளர்த்தது அவள்தான். காலையில் ரெட்டைப் பின்னல். இழுத்துப் பின்னினால்தான் சாயங்காலம்வரை நிற்கும் என்று அவள் இழுக்கிற இழுப்பில் சின்னவளின் கண்ணே சாய்ந்துவிடும். வீடு அதிரக் கத்துவாள். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கறுப்பு ஷூ வேண்டும் என்றபோது, தன் ஒரே ஷூவுக்குள் பேப்பரைத் திணித்துத் தங்கைக்குப் போட்டுவிட்டு, அன்று செருப்பில்லாமல் வேலைக்குப் போனாள். சாயங்காலம் சாப்பாடு போடும்போது அன்றைய நாற்பத்தேழாம் பக்கத்தைச் சொல்வாள். முன்னும் பின்னும் சின்னவள் இட்டுக்கட்டுவாள். அவள் கதைகளில் யாருக்கு எது கிடைக்கிறதோ இல்லையோ, கடைசியில் எல்லாருக்கும் ஓர் அம்மா கிடைத்துவிடுவாள்.

படித்து முடித்த சின்னவள் பெரிய நகரத்துக்குப் போனாள். போகிற அன்று அக்கா வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்கவில்லை. முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு தலைவலி காய்ச்சல் என்றால் ஒன்று. பெரியவள் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு கோபப்படவும் ஓய்வு வேண்டுமே. அம்மாவுக்கு இப்போது நினைவும் தடுமாறுகிறது. எப்போதாவது வாய் திறந்தால் மகளையே "நர்ஸம்மா" என்று கூப்பிடுகிறாள், அதுவும் மரியாதையாக. "சம்பளமில்லாத நர்ஸ்" என்று இவள் நூலகத்தில் சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

இப்படி இருக்கையில் ஒருநாள் நூலகர் வாசலருகே ஒரு மேசை போடச் சொன்னார். 'நாம், நம் வீடு, நம் காலம்' என்று அட்டையில் எழுதி வைக்கச் சொன்னார். நான் யார், என் குடும்பம் எது, இந்தச் சமூகம் எங்கே போகிறது என்று கேட்கிற புதுப் புத்தகங்களாகப் பார்த்து வாங்கியிருந்தார். பசையக்கா பெட்டியைப் பிரித்து உறை போட ஆரம்பித்தாள். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் சின்னவள் இருந்தாள்.

முதலில் பட்டது, முடியை ஒட்ட வெட்டிவிட்டாளே என்பதுதான். அப்புறம்தான் எழுதியவள் அவள் என்பது உறைத்தது. நேராக நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள். வெறும் தாள். ஓர் எழுத்துகூட இல்லை. இடப்பக்கம் வெறுமையாக விடுவது சகஜம். வலப்பக்கத்தை அப்படி விட்டு அவள் பார்த்ததில்லை. அச்சுப் பிழை என்று நினைத்து, "திருப்பி அனுப்பணும் போலிருக்கு மேடம்" என்று எடுத்துக்கொண்டு ஓடினாள். நூலகர் முன்பக்கமும் பின்பக்கமும் படித்துப் பார்த்து, "தொடர்ச்சி சரியாத்தான் இருக்கு, குத்திடுங்க" என்றார். வந்து குத்தினாள். ஊர்ப்பட்ட புத்தகத்தில் இந்த ஒன்றிலா படிக்க ஒன்றும் இல்லாமல் போகவேண்டும் என்று இருந்தது.

இது என் தங்கை எழுதியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதலில் படித்துவிட்டு, தன்னைப் பற்றி எங்கே வருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, நூலகரிடம் அந்த இடத்தைத் திறந்து காட்டலாம் என்று ஆசைப்பட்டாள். தன் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

அதில் அவள் இல்லை.

கதை சொல்கிற பெண் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா இறந்துபோகிறார், அது சரி. அம்மா எழுந்து நிற்கிறாள். ரெட்டைப் பின்னலை அம்மா இழுத்துப் பின்னுகிறாள். ஷூவுக்குள் அம்மா பேப்பர் திணிக்கிறாள், அம்மா செருப்பில்லாமல் வேலைக்குப் போகிறாள். ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தது, பேப்பரை ஈரமாக்கித் திணித்தால் அழுந்தி நிற்கும் என்பதுவரை. செய்தவள் மட்டும் வேறு. படித்து முடித்தபோது, தன் துணியெல்லாம் வேறொருத்தி உடம்பில் நடந்து போவதைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. நூலகரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

சொல்லாமலே வினை வந்து சேர்ந்தது. அந்த மேசையில் அதிகம் பேர் கேட்டு எடுத்தது அந்தப் புத்தகம்தான் என்று நூலகர் ஆசிரியரையே வாசகர் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார். சின்னவள் போன் செய்தாள்: "உங்க லைப்ரரிக்குத்தான்க்கா வரேன்." "வா" என்றாள் பெரியவள். புத்தகத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. புத்தகத்தில் இல்லாவிட்டால் போகட்டும், வாயால் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டாள். தான் வேலை செய்கிற இடத்தில், தெரிந்தவர்கள் முன்னால், எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டாள், விரல் பசையை வெந்நீரில் ஊறவைத்து எடுத்தாள்.

கூட்டம் நிரம்பிவிட்டது. பசையக்கா நாற்காலிகளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டில்களோடு கடைசியில் நின்றாள். சின்னவள் நன்றாகப் பேசினாள், யாரும் அசையவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்து, "அந்த அம்மா ஷூவுக்குள்ள பேப்பர் வைக்கிற இடத்துல நான் அழுதுட்டேன்மா. அவங்களைக் கும்பிடணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பசையக்காவும் தட்டினாள், தட்டாமல் எப்படி நிற்பது?

பல் டாக்டரம்மா ஒருத்தர் கேட்டார்: "இது உங்க சொந்தக் கதைன்னு சொல்றாங்க. வீட்ல வேற யாரும் இருந்தாங்களா, கூடப்பிறந்தவங்க?"

சின்னவள் கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தாள். பெரியவள் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றாள் சின்னவள். "வீட்ல ரெண்டே பேர். அம்மாவும் நானும்."

பாட்டிலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பெரியவள் பின்னறைக்குப் போனாள். செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. பசைக் கிண்ணத்தைத் திறந்து மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் கதவருகே வந்து நின்றாள். "அக்கா."

"கதவைச் சாத்து. காத்துல சீட்டெல்லாம் பறக்கும்."

சாத்தினாள். "புக் படிச்சியா?"

"படிச்சேன். எங்கேயாவது இருப்பேன்னு முழுசா படிச்சேன். ரெட்டைப் பின்னல் போட்டது யாருடி?"

"நீதான்க்கா."

"ஷூவுக்குள்ள பேப்பர் வச்சது?"

"நீ."

"தெரியுதுல்ல? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடச்சிருக்க. ஒடச்சவளுக்குப் புண்ணியம், கும்பிட்டவங்களுக்கும் புண்ணியம். தேங்காக்காரி வாயைப் பாத்துட்டு நிக்கறேன்."

சின்னவள் ஸ்பூனை எடுத்துக் கையில் உருட்டினாள். "எல்லாருக்கும் எழுத ஒரு அம்மா இருக்காக்கா. நான் எதை எழுத? சுவத்தைப் பாத்துப் படுத்திருந்த முதுகையா? உன் கையை எடுத்து அவளுக்கு வச்சேன். எனக்கு வேற வழி தெரியல."

"சரி, வச்ச. கை போனவ என்ன பண்ணுவா?"

"உன்னை எழுதினா, உன்னை விட்டுட்டுப் போனதையும் எழுதணும். எத்தனையோ தடவை எழுதினேன். அந்த இடத்துல வந்து நின்னுடும், கிழிச்சுப் போட்டுடுவேன்." நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பத்தேழாம் பக்கம் பாத்தியா?"

"வெறும் தாள்."

"நான்தான் விடச் சொன்னேன். பதிப்பகத்துல ஒத்துக்கவே இல்லை, சண்டை போட்டேன். எந்தப் புத்தகம் வந்தாலும் நீ அந்தப் பக்கத்தைத்தானே திறப்ப. அது உனக்குன்னு வச்சதுக்கா. உன் பக்கம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பில் சேர்த்தியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அச்சுப் பிழைன்னு திருப்பி அனுப்பப் பாத்தேன்டி" என்றாள். "அப்புறம் லைப்ரரி முத்திரையைக் குத்திட்டேன். வெள்ளைத்தாளை யாருடி படிப்பா? அக்கா ஒருத்தி இருந்தான்னு ஒரு வரி போதுமே. ஒரு வரிக்கா என் பேர்ல பஞ்சம்?"

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரியவளின் கை பழக்கத்தில் அவள் தலைக்குப் போயிற்று; பிடித்துக்கொள்ள முடி இல்லை. வெளியே நூலகர், போட்டோ எடுக்கணும், வாங்க என்று கூப்பிட்டார்.

"அம்மாவைப் பாத்துட்டுப் போறியா?"

"டிரெய்னுக்கு நேரமாயிடுச்சுக்கா. அடுத்த தடவை கண்டிப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் பெரியவள் அம்மாவுக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிற முதுகு. இன்றைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"உங்களைப் பத்தி உங்க சின்ன மக எழுதியிருக்கா. ஊரே கும்பிடுது. நீங்களும் கேளுங்க" என்று பின்னல் போடும் அத்தியாயத்தை உரக்கப் படித்தாள். அம்மா சீப்பை எடுக்கிறாள், நடுவகிடு எடுக்கிறாள், இழுக்கிறாள், குழந்தை கத்துகிறது. குத்திக்காட்டத்தான் படித்தாள், அதை மறைப்பானேன்.

அம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"நான் எங்கே பின்னினேன்?" என்றாள். தொண்டையில் துரு ஏறிய குரல். "இது தப்பு, நர்ஸம்மா. பெரியவதான் பின்னுவா. இறுக்கி இழுப்பா, சின்னது கத்தும். நான் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்."

பெரியவள் புத்தகத்தை மூடினாள்.

"எல்லாம் அவதான் செஞ்சா" என்றாள் அம்மா. கண்கள் அறையைச் சுற்றிவிட்டுக் கதவில் போய் நின்றன. "எங்கே அவ? ரொம்ப நாளா காணோமே."

"வேலைக்குப் போயிருக்காம்மா" என்றாள் பெரியவள். "வருவா."

"வந்ததும் முதல்ல சாப்பிடச் சொல்லுங்க. சொல்லாட்டி சாப்பிடாம கிடப்பா."

"சொல்றேன்."

அம்மா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவள் அடுப்படிக்குப் போய்க் கையைக் கழுவினாள். தட்டை எடுத்து வைத்துச் சாப்பாடு போட்டுக்கொண்டாள். "சாப்பிடு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சாப்பிட்டாள்.