ஆலா விழுந்த நேரம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கரமனைக்குப் புது மருமகளாக வந்தேன். ஞாயிறு விடிந்தால் என் கணவர் கேமராவோடு சங்குமுகம் கடற்கரைக்குப் போய்விடுவார். மீனுக்காகப் பாய்கிற ஆலாப் பறவைகளுக்கே ஃபிலிம் எல்லாம் செலவாகும். என்னை ஒரு படம் எடுத்ததில்லை. அந்தப் பறவைகள் மேல் எனக்கு வயிற்றெரிச்சல்.

"அப்படி என்னதான் இருக்கு அதுகள்கிட்ட? நானும் வரேன்" என்று ஒருநாள் கூடவே கிளம்பினேன்.

கடற்கரையில் கேமராவை என்னிடம் கொடுத்தார். "அது விழறச்சே அமுக்கு."

உயரத்தில் ஒரு ஆலா சிறகடித்து நின்றது. சட்டென்று சிறகை மடக்கிக் கல்லைப்போலக் கடலில் விழுந்தது. மறுகணம் அலகில் மீன் மின்ன மேலே வந்தது.

"எடுத்தியோ?"

நான் அமுக்கவே இல்லை. மூச்சுவிடக்கூட மறந்திருந்தேன். இத்தனை ஞாயிறும் இதை இவர் தனியாகவா பார்த்தார்? என் வயிற்றெரிச்சல் அப்படியே அவர் மேல் திரும்பியது.

கேமராவுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.