கணு இல்லாத ஊசி

என் அலமாரியில் ஒரு மரக்காய் இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு, செதில் செதிலாக விரிந்தது. யுத்த காலத்தில் அண்ணன் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பொட்டலத்தில் வந்தது. கூடவே ஒரு கொத்து ஊசி இலைகள். கடிதத்தில் ஊர் பேர் வந்த இடமெல்லாம் தணிக்கைக்காரர்கள் மை பூசியிருந்தார்கள். மிச்சம் இருந்தது நலம், நலமறிய ஆவல் மட்டும்.

"சவுக்குல்ல இது? மண்டபத்துப் பக்கம் கடக்கரையில இருக்கான் தாயி. சண்டை அங்கிட்டு எங்க வரப் போகுது" என்றாள் அம்மா. அன்று சிம்மக்கல்லில் எங்கள் சந்து முழுக்கப் பானகம் கொடுத்தாள். எனக்கும் சவுக்காகத்தான் தெரிந்தது; காய் பெரிதாக இருந்ததைக் கடற்கரை வாகு என்று நினைத்துக்கொண்டேன். மதுரையில் பிறந்தவளுக்கு ஊசி இலை என்றால் வேறென்ன மரம் தெரியும்?

பெருமை பீற்றிக்கொள்ளத்தான் மறுநாள் அதை நான் படித்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். தாவரவியல் ஆசிரியை ஒரு ஊசியை இழுத்துப் பார்த்தார். சவுக்கு கணுக்கணுவாகக் கழன்று வரும். சிறுவயதில் அண்ணன் அதைக் கழற்றி, மறுபடி செருகி, எங்கே கழன்றது சொல் என்று என்னைத் திணறடிப்பான். இது கழலவில்லை, முறிந்தது. அடியில் மூன்று ஊசிகள் ஒரே உறைக்குள் சேர்ந்திருந்தன.

"இது பைன் மரம்மா. உசந்த மலையில வளர்றது. இமயமலையில இருக்கிற மூணு ஊசிப் பைனுக்குக் காய் ரொம்பப் பெருசு. இம்புட்டுச் சின்னக் காய்னா அசாம், பர்மா எல்லைதான்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் காயைப் பொட்டலமாகச் சுற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பத்திரிகைகளில் அப்போது தினமும் அந்த மலைச் சண்டைதான்.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. "உப்புக் காத்து அவனுக்கு ஒத்துக்கிருமா?" என்று அம்மா கேட்பாள். "ஒத்துக்கிரும்மா" என்பேன்.

இரண்டு மாதம் கழித்துத் தந்தி வந்தது. அண்ணன் போய்விட்டான். படித்துச் சொன்னபோது அம்மா அலறவில்லை.

"சவுக்கு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. நீ தூங்குனப்புறம் ஒண்ண இழுத்துப் பாத்தேன். கணுவுல கழலல. நீயாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொல்லல."

ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயந்திருக்கிறோம். சேர்ந்து அழுதிருக்கலாம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊசிகள் பொடிந்துபோயின. காய் மட்டும் இருக்கிறது. ஈரம் பட்டால் செதில்கள் தானாக மூடிக்கொள்ளும். மழை நாளில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குக் குளுருது" என்று தன் பழஞ்சேலைக் கிழிசலைப் போர்த்துவாள். அவளும் போய்விட்டாள். இன்று காலையிலிருந்து மழை. போர்த்திவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.