பிரிவியூவில் தெரியாத முகம்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. இரண்டாயிரத்துகளின் நடுவில் நெல்லித்தோப்பில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். மவுஸைத் தட்டுவேன், வாசலில் போய் நின்று ரோட்டைப் பார்ப்பேன், திரும்பி வந்து மறுபடி தட்டுவேன். முதலாளி கேமராவோடு மண்டபம் மண்டபமாகச் சுற்றுவார். கடையில் நானும் அந்த மெஷினும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கிடப்போம்.

இது போதாதென்று, எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் எடிட்டிங்குக்குக் குடும்பத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எங்க சித்தப்பாவைக் காணோமே, அந்தப் பொம்பளை எதுக்கு அவ்ளோ நேரம் வர்றா, தாலி கட்டற எடத்துல பூ கொட்டுங்க. எல்லாருக்கும் பூ கொட்ட வேண்டும். பூ கொட்டாத கல்யாணத்தை யாரும் கல்யாணமாகவே மதிப்பதில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. கூட்டமில்லாமல் தனியாக வந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. கணவர் மில் தொழிலாளி, இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே பெண்ணை லாஸ்பேட்டையில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். பெண் மாமியார் வீட்டில் இருந்தபடி, அங்கே போவதற்கான பேப்பருக்காகக் காத்திருந்தாள்.

"தாலி கட்டற எடத்த மட்டும் காட்டுப்பா. நான் பாக்கவே இல்ல" என்றார்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்க வேண்டியதில்லை. கணவனை இழந்தவர், அதனால் முகூர்த்த நேரத்தில் மேடைப் பக்கம் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் பார்க்கக் கூடாதாம், வாடகைக்கு வந்த வீடியோக்காரன் மட்டும் அய்யர் தோளில் இடித்துக்கொண்டு மேடையிலேயே நிற்கலாமாம்.

ஓடவிட்டேன். ரோஜா இதழ்கள் கொட்டின, நடுவில் ஒரு இதயம் விரிந்தது, மூலைக்கு ஒரு சாமி தெரிந்தது. அடியில் இருந்த முகங்கள் மட்டும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தன. மாப்பிள்ளை குனிந்தார். பெண் சட்டென்று முகத்தைத் திருப்பினாள். அந்த மங்கலில் அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி போடு." போட்டேன். "மூஞ்சத் திருப்பிக்கிறா பாரு. அழுவுறாளா தம்பி?"

"தெரியலம்மா."

அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார். "பிரான்சுன்னதும் நான்தான் அவசரப்பட்டேன். புடிச்சிருக்கான்னு சரியாக்கூட கேக்கல. இப்ப கேட்டா நல்லாத்தாம்மா இருக்கேன்றா. அவ அப்பிடித்தான் சொல்லுவா. புடிக்காம கட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா, பேப்பர் வர்றதுக்குள்ள கூட்டியாந்துடுவேன். யாரு என்னா சொன்னாலும் சரி."

அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. மானிட்டர் வயரைப் பிடுங்கிச் செருகினேன். சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். மெஷினையே அணைத்துப் போட்டேன். அதே மங்கல். இது வெறும் பிரிவியூம்மா, வேலைக்கு நடுவில் ஓட்டிப் பார்ப்பது, கடைசியில் சிடியில் நன்றாக வரும் என்று சொல்லிக்கொண்டே, ஃபைலைத் தனியாக வேறு பிளேயரில் திறந்தேன். அங்கேயும் மங்கல்.  கேமராவிலிருந்து ஏற்றும் வீடியோவை அந்த பிளேயர் பாதித் தரத்தில்தான் காட்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது தோன்றியதெல்லாம், டேப்பிலிருந்து ஏற்றியதே கெட்டுவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டும் என்பதுதான்.

முதலாளிக்குப் போன் அடித்தேன். கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

"அந்த டேப்பா? என் கேமராவுலதான்டா இருக்கு. அதுலதான் இங்க பொண்ணழைப்பு எடுத்துட்டேன்."

கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பது எங்கள் கடை வழக்கம். அப்படியானால் அந்தப் பெண்ணின் முகம் இந்த மெஷினைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குரலைத் தணித்தேன்.

"ஃபைலே மங்கலா இருக்குண்ணா."

"லூசு மாதிரி பேசாத. நின்னு நின்னு ஓடுதுன்னு பார்ட்டிங்க கத்தறாங்க இல்ல? அதுக்குத்தான் பிரிவியூவ டிராஃப்ட்ல போட்டு வச்சேன். மாத்திப் பாரு."

"சொல்லவே இல்லியே!"

"நீ கேக்கவே இல்லியே" என்று வைத்துவிட்டார்.

டிராஃப்ட் என்றால் படத்தை அரைகுறையாகக் காட்டி வேகமாக ஓட்டுவது. முழுத் தரத்துக்கு மாற்றினேன். படம் அசையவே இல்லை. இதழ்கள் அந்தரத்தில் நின்றன, மெஷின் இரைந்தது, என் கால் தானாக ஆடியது.

"கெட்டுப்போச்சா தம்பி?"

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

அப்புறம்தான் உறைத்தது. பூ ஒரு அடுக்கு, இதயம் ஒரு அடுக்கு, சாமிகள் ஆளுக்கொரு அடுக்கு. இத்தனையையும் முழுத் தரத்தில் சுமக்க இந்த ஓட்டை மெஷினுக்குத் தெம்பில்லை. இதழ்களை அழித்தேன். இதயத்தை அழித்தேன். சாமிகளை மட்டும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழித்தேன். கேமரா பிடித்தது மட்டும் மிஞ்சியது. ஓடவிட்டேன்.

ஓடியது. நெற்றிச்சுட்டிக்குக் கீழே இருந்த வியர்வைகூடத் தெரிந்தது. பெண் அழவில்லை. முகத்தில் வெறுப்பும் இல்லை. மாப்பிள்ளை குனிந்ததும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். முன்வரிசையைத் தாண்டி, நின்றுகொண்டிருந்தவர்களைத் தாண்டி, மண்டபத்தின் கடைசிவரைக்கும் அவள் கண் போகிறது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைகிறது. அட்சதை விழத் தொடங்கியதும் தலையைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

"யாரையோ தேடறாம்மா" என்றேன், விவரங்கெட்டவன்.

அவர் மேசைமேல் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்தார். லாஸ்பேட்டை நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. சம்பந்தியம்மாவிடம் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு, பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். எப்போதும் வாசலுக்கு ஓடுகிறவன் அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சாப்ட்டியாடி?" என்றார். அப்புறம் கேட்டார், "தாலி கட்டறப்ப என்னையா தேடின?"

மறுமுனையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

"அங்கதான்டி இருந்தேன். தூணாண்ட. உன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு நான்தான் ஒளிஞ்சிக்கிட்டேன்."